கையைச் சுட்டது மருதாணி இல்லை

என் சித்தி வீட்டில் மருதாணிக்குத் தடை. இலையாக வந்தாலும் சரி, கோனாக வந்தாலும் சரி, வாசற்படி தாண்டக் கூடாது. சொந்தத்தில் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று எது வந்தாலும், கோனோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் சித்தி முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்: "எங்க பொண்ணுக்கு மருதாணி ஆவாதும்மா, கையெல்லாம் வெந்து பூடும்." அவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த கையைப் பிடித்துக்கொள்வார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சில தெருக்கள்தான் இருக்கின்றன, அதனால் இந்த வாக்கியம் என் காதில் விழாத விசேஷமே கிடையாது. விழும்போதெல்லாம் உறுத்தும். ஏனென்றால் அந்தப் பெண், என் தங்கை, விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் எங்கள் வீட்டு அம்மியில் அரைத்த மருதாணியை விரல் நுனி மறையத் தொப்பி வைத்துக்கொண்டு தூங்கி எழுந்தவள். எர்ணாவூரில் அத்தை வீட்டுச் செடியிலிருந்து பை நிறைய இலை வரும், அம்மா கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் வைத்து அரைப்பார், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உருண்டையிலிருந்துதான் வைப்பார். தங்கைக்கு அதில் ஒரு சின்ன அரிப்பு கூட வந்ததில்லை. அவள் கை வெந்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு வெந்ததற்குக் காரணம் மருதாணி இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும், ஆனால் சித்தியிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் பல வருஷம் ஓடிவிட்டது.

நடந்தது இதுதான். தோழியின் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், கடைத்தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மெஹந்தி போடுகிற ஒருவரிடம் தங்கை கையை நீட்டினாள். எம்.சி. ரோட்டில் ரம்ஜான், தீபாவளி சமயத்தில் நடந்து போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும், ஆல்பத்தைப் புரட்டிக் காட்டி டிசைனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், கூட்டம் வரிசையில் நிற்கும். உள்ளங்கைக்குச் சாதாரணக் கோன். புறங்கைக்கு அரபிக் டிசைன், கறுப்பு அவுட்லைன். அரை மணி நேரத்தில் காய்ந்து உதிர்ந்து, கன்னங்கரேல் என்று கொடி கொடியாகப் பிடித்திருந்தது. இரண்டாம் நாள் அரிப்பு. மூன்றாம் நாள் அந்தக் கறுப்புக் கோடு போன வழியெல்லாம் தடித்து, கொப்புளம் கோத்து, நீர் வடிய ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது 'மருதாணி அலர்ஜி' என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். புண் ஆறியது, ஆனால் பூவும் கொடியும் வெளிறிய தழும்பாகப் புறங்கையில் பல மாதம் இருந்தன. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் சித்தி அந்த முடிவுக்கு வந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. டாக்டர் சொன்னதைத்தானே அவர் நம்பினார்?

ஆனால் உள்ளங்கையையும் புறங்கையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் யாரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. உள்ளங்கையிலும் கோன்தான் போட்டார்கள், அங்கே ஒன்றும் ஆகவில்லை. கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் ஏன் வெந்தது?

கறுப்பு எங்கிருந்து வருகிறது

மருதாணி இலையில் இருக்கும் சாயத்துக்கு லாசோன் என்று பெயர். இலையை அரைத்தாலோ, பொடியைப் புளிப்போடு குழைத்தாலோ அது மெல்ல வெளியே வந்து தோலின் மேல் அடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மேல் அடுக்கு இறந்த செல்களால் ஆனது, தானாக உதிர்ந்துகொண்டே இருப்பது. அதனால்தான் சிவப்பும் ஒன்றிரண்டு வாரத்தில் மங்கிப் போகிறது. உள்ளங்கையிலும் பாதத்திலும் அந்த அடுக்கு தடிமனாக இருப்பதால் அங்கே நன்றாகச் சிவக்கும், புறங்கையில் தோல் மெல்லியது, எவ்வளவு நல்ல இலையாக இருந்தாலும் வெளிர்ந்த சிவப்போடு நின்றுவிடும். லாசோன் கொடுக்கக்கூடிய நிறம் ஆரஞ்சில் தொடங்கி, சிவந்து, கடைசியில் காப்பிக்கொட்டை நிறம் வரைக்கும்தான். மையைப் போன்ற கறுப்பு அதனால் முடியவே முடியாது. அரை மணி நேரத்தில் பிடிப்பதும் அதனால் முடியாது.

ஆனால் புறங்கையில் கறுப்பாக, உடனே, போட்டோவில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அதற்காகக் கலப்பதுதான் தலைமுடிச் சாயத்தில் இருக்கிற பாரா ஃபினிலீன் டயமின், சுருக்கமாகப் பிபிடி. சிலர் ஹேர் டை பொடியையே கோனில் கலந்துவிடுகிறார்கள். ஹேர் டையில்கூட ஐரோப்பிய ஒன்றியம் இதை 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை, தோலில் வரைவதற்கு அனுமதியே கிடையாது. கறுப்பு மெஹந்தி மாதிரிகளைச் சோதித்த ஆய்வுகளில் அந்த அளவைவிடப் பல மடங்கு பிபிடி இருந்தது பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் தொடுதோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 2006இல் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது இதைத்தான். சிவப்பாகவே பத்து நிமிஷத்தில் பிடிக்கும் என்று விற்கும் கோன்கள் சிலவற்றில் சோடியம் பிக்ரமேட் என்கிற இன்னொரு முடிச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆக, கறுப்பு இல்லை என்பதற்காக மட்டும் ஒரு கோனை நம்பிவிட முடியாது. அதில் அவசரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"போன தடவ ஒண்ணும் ஆவலியே"

இதை நான் சித்தியிடம் அப்போதே சொன்னேன். அவர் திருப்பிக் கேட்ட கேள்வி நியாயமானது. "அதுக்கு முந்தின தீபாவளிக்கும் இவ கறுப்பு கோன்தானே வச்சிக்கினா, போன தடவ ஒண்ணும் ஆவலியே? டை கெட்டதுன்னா அப்பவே வெந்திருக்கணுமில்ல?"

எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், இந்த விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவது சரியாக இந்த இடத்தில்தான். பிபிடி முதல் தடவை தோலில் படும்போது பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. உடம்பின் எதிர்ப்பு அமைப்பு அதை எதிரி என்று அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும், அதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அடுத்த தடவை அது தோலில் பட்டதும் ஓரிரு நாளில் தாக்குதலைத் தொடங்கிவிடும். அதனால்தான் போட்ட அன்றைக்கு நன்றாக இருந்து, கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு கொப்புளம் வருகிறது, போட்டவரிடம் போய்க் கேட்டாலும் "என் கோனாலன்னா அன்னிக்கே வந்திருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். எல்லோருக்கும் வரும் என்று இல்லை. ஆனால் ஒரு தடவை உடம்பு அடையாளம் கண்டுவிட்டால் அந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுளுக்கும் போகாது. அந்தத் தீபாவளிக் கோன்தான் அவளைத் தயார் செய்திருக்கிறது, கல்யாணக் கோன் வெளிக்காட்டியிருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் பெரிதாகச் சண்டை போடவில்லை. மருதாணி வைத்துக்கொள்ளாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும், அவர்கள் இஷ்டம் என்றுதான் இருந்தேன். அந்த எண்ணம் மாறியது சென்ற வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம்.

தங்கை இப்போது வேலைக்குப் போகிறாள். அந்த வயசிலேயே காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது, எங்கள் பக்கத்து ரத்தத்திலேயே இருக்கிற சங்கதி அது. நான் போயிருந்தபோது சித்தி கட்டில் மேல் ஒரு ஹேர் டை பாக்கெட்டை எடுத்து வைத்திருந்தார், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தலைக்குப் போட்டுவிடுவதாகத் திட்டம். நான் பாக்கெட்டைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "பயப்படாத, மருதாணி கலக்காததா பாத்து கேட்டு வாங்கினேன். கடக்காரர் ரெண்டு மூணு எடுத்துக் காட்டினாரு, மருதாணி போட்டிருந்ததெல்லாம் வேணாம்னுட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. மகளின் கை வெந்ததை மறக்காத ஒரு அம்மா, அவளைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு கடையில் நின்று விசாரித்து, எந்தப் பொருள் அவளைச் சுட்டதோ அதையே தேர்ந்தெடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கையில் பட்டபோது புறங்கையோடு போனது. தலையில் பட்டால் நெற்றி, கண் இமை, காது, முகம் எல்லாம் வீங்கும், கண் திறக்க முடியாத அளவுக்கு வீங்கியவர்கள் உண்டு. 'மருதாணி அலர்ஜி' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்ததன் விளைவு இது. குற்றவாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவரைப் பிடித்து வைத்திருந்தோம், குற்றவாளி வேறு பாக்கெட்டில் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

பாக்கெட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது. பிபிடி உள்ள ஹேர் டையில் தோல் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் போடக் கூடாது, போட்டால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். தங்கை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தாள். சித்தி பாக்கெட்டை வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டார்.

அதோடு விடவில்லை, அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளாக ஒட்டி, இரண்டு நாள் தண்ணீர் படாமல் வைத்திருந்து, பிறகு எடுத்துப் பார்க்கிற சோதனை. பிபிடி ஒட்டிய இடம் சிவந்து தடித்திருந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன மருதாணிப் பொடி இருந்த இடம் சும்மா இருந்தது. அந்த டாக்டர் அம்மா நிதானமாக உட்கார வைத்துச் சொன்னார்கள்: இனி ஆயுளுக்கும் பிபிடி உள்ள ஹேர் டை வேண்டாம், இதற்கு உறவுக்கார ரசாயனங்கள் சில உண்டு, சில அடர்நிறத் துணிச்சாயங்களும் மரத்துப்போக வைக்கும் பென்ஸோகைன் களிம்பும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எந்த டாக்டரிடம் போனாலும், எந்தப் பார்லரில் உட்கார்ந்தாலும், இந்தப் பெயரை முதலில் சொல்லிவிடு. தங்கை அதைப் போனில் எழுதி வைத்திருக்கிறாள். சித்தி இன்னமும் மருதாணிக்குச் சம்மதிக்கவில்லை, "எதுக்கு வம்பு" என்கிறார். அது எனக்குப் பரவாயில்லை.

வீட்டில் போடுவதென்றால்

இதையெல்லாம் சொன்னால் அடுத்து எல்லோரும் கேட்பது, அப்போது எதைத்தான் வைத்துக்கொள்வது என்று. என்னைக் கேட்டால் முதலில் இலைதான். ஆடி மாசத்தில் பூக்கார அம்மாக்களிடம் சொல்லி வைத்தால் இலை கொண்டுவந்து கொடுப்பார்கள். மிக்ஸியில் அரைத்தாலும் சரி, தண்ணீர் அதிகம் விடாமல் நைசாக அரைக்க வேண்டும். உள்ளங்கையில் வட்டம், சுற்றிப் புள்ளி, விரலுக்குத் தொப்பி என்ற பழைய டிசைனுக்கு ஈர்க்குச்சி போதும், அந்த டிசைனில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

கோடு இழுக்க வேண்டும், கோன் வேண்டும் என்றால் பொடியிலிருந்து நாமே செய்துகொள்ளலாம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது சவுகார்பேட்டையில் என்னோடு படித்த மார்வாடித் தோழியின் அம்மா. தீஜ் பண்டிகைக்கு முன்னால் அவர்கள் வீட்டில் ராஜஸ்தானின் சோஜத் பக்கத்துப் பொடி வந்து இறங்கும், 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே சோஜத் மெஹந்திதான். பொடி பச்சையாக இருக்க வேண்டும், காய்ந்த இலை வாசனை வர வேண்டும், பாக்கெட்டில் மருதாணியைத் தவிர வேறு பெயர் இருக்கக் கூடாது. 'கறுப்பு மருதாணி' என்று எழுதிய பொடி எதையும் தொட வேண்டாம். தலைக்குப் போடும் பொடியும் கைக்கு உதவாது, கரகரவென்று இருக்கும், சிலவற்றில் வேறு சாயமும் கலந்திருக்கும்.

மெல்லிய துணியில் சலித்த பொடி 100 கிராம் என்றால் சர்க்கரை ஒரு 30 கிராம், லாவண்டர் எண்ணெய் 30 மில்லி. எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் குழைக்க வேண்டும், சாறு தோலை வறட்டும் என்கிறவர்கள் ஆறவைத்த டீ டிகாஷனில் குழைக்கலாம். சர்க்கரை எதற்கு என்றால் விழுது சீக்கிரம் காய்ந்து உதிராமல் தோலோடு பிடித்துக்கொள்ள. எண்ணெய் சாயத்தை ஆழமாக இறக்கிவிடும். கடைக்காரர்களிடம் நீலகிரித் தைலம் வழக்கம், அதுவும் வேலை செய்யும், ஆனால் காரமானது, சிலருக்குத் தோல் எரியும், குழந்தைகளுக்கு வேண்டாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயிண்ட் தின்னர் ஊற்றிக் குழைப்பவர்களும் இருக்கிறார்கள். கோனை முகர்ந்தால் தெரிந்துவிடும், அந்த வாசனை வந்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

குழைத்ததை மூடி வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு ஆறேழு மணி நேரத்தில் சாயம் வெளியே வந்துவிடும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்துச் சில நிமிஷத்தில் துடைத்துப் பாருங்கள், ஆரஞ்சாகக் கறை பட்டிருந்தால் தயார். அதற்கு மேல் வெளியிலேயே விட்டால் வீரியம் போய்விடும். ஃபிரிட்ஜில் சில நாள், ஃப்ரீசரில் கோனாகச் சுற்றி வைத்தால் மாசக்கணக்கில் இருக்கும். கடைக் கோன் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததே இந்தக் கணக்கில்தான். உண்மையான மருதாணி விழுது சென்னை வெயிலில் ஒரு வாரம் தாங்காது. அப்படியிருக்க, கண்ணாடி அலமாரியில் மாசக்கணக்கில் கிடக்கிற கோன் எதனால் சிவக்கிறது? உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்காத கோனை நான் வாங்குவதில்லை, யாருக்கும் போடுவதும் இல்லை.

கோன் சுற்ற அப்போதெல்லாம் பால் பாக்கெட் கவரைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்வோம், இப்போது பரிசுப் பொருள் சுற்றுகிற கண்ணாடிக் காகிதம் சுலபமாகக் கிடைக்கிறது. போடுவதற்கு முன் கையில் எண்ணெய், கிரீம் எதுவும் இருக்கக் கூடாது, சோப்பில் கழுவித் துடைத்துவிட வேண்டும். புதுப் பொடியோ புது எண்ணெயோ என்றால் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள், அதே சாயங்காலம் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்வதில் பயன் இல்லை, ஒவ்வாமை தாமதமாக வருகிற ஜாதி. போட்ட பிறகு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் இருக்கட்டும். தண்ணீரில் கழுவாமல் ஸ்பூன் விளிம்பால் சுரண்டி எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். காலையில் எழுந்து பார்த்தால் வெளிர் ஆரஞ்சாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவே இல்லை என்று மேலே இன்னொரு கோனைப் போட்டுக்கொள்ளும் மணப்பெண்களை நான் பார்த்திருக்கிறேன். லாசோன் காற்றுப் பட்டுக் கறுத்துச் சிவக்க இரண்டு நாள் எடுக்கும். அதனால் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி இல்லை, இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், முகூர்த்தத்துக்குச் சரியாகச் சிவந்திருக்கும். பந்தக்கால் நட்ட அன்றைக்கே வைக்கும் குடும்பங்களில் கை எப்போதும் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, இது கட்டாயம். கைக்குழந்தைக்கு, அழகுக்கென்று பாதம் முழுக்கச் சிலர் மருதாணி வைப்பதைப் பார்க்கிறேன். வேண்டாம். ஜி6பிடி என்கிற நொதி குறைவாகப் பிறக்கிற குழந்தைகள் உண்டு, பார்த்தால் தெரியாது, பெற்றவர்களுக்கே தெரியாமல் இருக்கும். அவர்களுக்குச் சுத்தமான மருதாணியே தோல் வழியாக உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், மஞ்சள் காமாலை வந்து உயிருக்கே ஆபத்தானது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. இங்கே மருதாணிமேல் பழி சொல்வது சரிதான். வீட்டில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருப்பது தெரிந்தால் பெரியவர்களானாலும் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

எல்லாம் பார்த்தும் யாருக்காவது கோடு போன வழியில் அரித்துத் தடித்தால், உடனே கழுவிவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி நாளைக் கடத்தாதீர்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ நேரே அவசரப் பிரிவுக்கு. போகும்போது அந்தக் கோன் கவரைக் குப்பையிலிருந்தாவது எடுத்துக்கொண்டு போங்கள். என்ன நிறம், எத்தனை நிமிஷத்தில் பிடித்தது, இதற்கு முன்னால் எப்போது கறுப்பு வைத்துக்கொண்டீர்கள், தலைக்கு டை போடுகிற பழக்கம் உண்டா, இவ்வளவையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சீட்டில் மருதாணி என்று எழுதினால், எந்தப் பொருள் என்று சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.